இகுவானாவுக்கு ஒரு நீல டிரம்

இந்த மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், எங்கள் வீட்டில் வளர்க்கிற பச்சை இகுவானா என்கிற பெரிய பல்லி இட்ட 34 முட்டைகளில் 24 பொரித்துவிட்டன. போன வருஷம் இதே பெண், முட்டையிட இடம் கிடைக்காமல் கூண்டுத் தரையெங்கும் கூமுட்டைகளைச் சிதறவிட்டு, மிச்சத்தை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போய்வந்தது. நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால் ஒரு 200 லிட்டர் டிரம்மும் அதில் போட்ட மண்ணும்தான் பெரிய மாற்றம். ஆண் துணை இல்லாமல் குஞ்சு வந்திருக்காது, ஆனால் முட்டை பத்திரமாக வெளியே வந்தது டிரம்மால்தான். தீனி, விளக்கு எல்லாம் அதற்கு அடுத்தபடி.

சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுகிற மாதிரி, ஆண் இல்லாமலும் பெண் இகுவானா முட்டையிடும். "நம்மிடம் ஒன்றுதானே இருக்கிறது, நமக்கெதற்கு இதெல்லாம்" என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் குஞ்சு வேண்டுமோ வேண்டாமோ, மண் கட்டாயம் வேண்டும். தோண்ட இடமில்லை என்றால் அது முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். போன வருஷம் எக்ஸ்ரேயில் ஒன்பது முட்டைகள் அப்படியே வரிசையாகத் தெரிந்தன. கால்சியம் ஊசி போட்டு, அப்புறம் முட்டையை வெளியே தள்ளவைக்கிற ஆக்ஸிடோசின் ஊசி போட்டுத்தான் வெளியே வந்தன. வழியில் அடைப்பிருந்தால் ஆக்ஸிடோசின் ஆபத்து என்பதால் டாக்டர் முதலில் படம் எடுக்கச் சொன்னார். வீட்டில் வைத்துச் செய்கிற வைத்தியம் இல்லை இது.

இனி இந்த வருஷத்துக் கதை. டிசம்பர் கடைசியில் பல்லாவரத்து நண்பர் ஒருவரின் ஆண் இகுவானாவை இரவல் வாங்கினேன். பெயர் முனியன். முன்னங்காலும் முதுகு முட்களும் ஆரஞ்சாக மாறி, தொடைக்கடியில் இருக்கிற துளைகளில் மெழுகு மாதிரி தடித்து நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் பருவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பெண்ணின் பெயர் பச்சையம்மா, அம்மா வைத்தது. நாலு வயது, தீனி நிறுத்துவதற்கு முன் எடை 1.92 கிலோ.

ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடாமல் இரண்டையும் காலியான ஹாலில் விட்டேன். ஆண் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றிவந்து, பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் சேரும். கவ்வல் பலமாகவே இருக்கும், தோல் கிழியும். கையில் கனமான துண்டும் பக்கத்தில் காயத்துக்குப் போடுகிற பொவிடோன் அயோடினும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். பிடரிக் காயம் வளர வளர முனியனைப் பிரித்து வைத்தேன், ஆறியதும் மறுபடி விட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் சேர்ந்ததை நானே பார்த்தேன். அதிலிருந்து முட்டையிட இரண்டு மாதம் சொச்சம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. மார்ச் முதல் வாரம் என்று காலண்டரில் குறித்துவைத்தேன், பெரிதாகத் தப்பவில்லை.

தீனியில் நான் மாற்றியது குறைவு. முருங்கைக்கீரையும் அகத்தியும் அடிப்படை, கூடவே செம்பருத்தி இலையும் பூவும், கிடைத்தால் மல்பெரி இலை. பாலக் கீரையைத் தள்ளிவைத்தேன். அதிலிருக்கிற ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுகீரை, அரைக்கீரையும் அந்தக் கட்சிதான், எப்போதாவது சரி. சினைக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்சியம் கார்பனேட் பொடியைக் கீரை மேல் தூவினேன். வெயிலில் இருக்கிற மாதிரிப் புறஊதாக் கதிர் தருகிற யூவிபி குழல் விளக்கைப் புதிதாக மாற்றினேன். பழைய குழல் பளிச்சென்று எரியும், ஆனால் அதிலிருந்து வரவேண்டிய யூவிபி எப்போதோ குறைந்திருக்கும். அது இல்லாமல் தின்ற கால்சியம் எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் போய்ச் சேராது. வெயில் காயும் பலகையில் 36 டிகிரி.

பிப்ரவரி நடுவில் விலாவில் புடைப்புகள் தெரிய ஆரம்பித்தன. கையை வயிற்றுக்கடியில் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். அழுத்திப் பார்க்கக்கூடாது. அப்புறம் தீனி நின்றது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. வயிறு முழுக்க முட்டை, குடலுக்கு இடமில்லை. மூன்று நான்கு வாரம்கூடத் தின்னாமல் இருக்கும். ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், கையைக் கொண்டுபோனால் எழுந்து பார்க்க வேண்டும். படுத்தபடியே கண்ணை மூடிக் கிடந்தாலோ கால் நடுங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

இனி டிரம்.

போன வருஷம் வைத்தது 60க்கு 45 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கிரேட், அதில் ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்த எம்-சாண்ட். தோண்டத் தோண்டச் சரிந்தது. பச்சையம்மா இரண்டு நாள் முயன்றுவிட்டு, பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியைத் தோண்டப் போய்விட்டது. அதற்கு வேண்டியது பள்ளமல்ல, வளை. காட்டில் இவை ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கம் தோண்டி அதன் கோடியில் முட்டையிடுபவை. பனாமாவில் கட்டூன் ஏரியில் இருக்கிற ஸ்லோத்தியா என்ற குட்டித் தீவுக்குப் பெண் இகுவானாக்கள் ஏரியை நீந்திக் கடந்து வந்து, பொது வளைகளில் கூட்டமாக முட்டையிடும். 1983இல் அதே பனாமாவில் இகுவானாப் பண்ணை தொடங்கிய டாக்மார் வெர்னரும் சுரங்கமும் அதன் முடிவில் இருட்டறையுமாகத்தான் செயற்கைக் கூடுகள் அமைத்தார். நான் அந்த யோசனையைத்தான் நீல டிரம்முக்குள் இறக்கினேன்.

மாம்பழக் கூழ் வந்த டிரம் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. கெமிக்கல் வந்த டிரம் மலிவு, வேண்டாம். டிரம்மைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை. மேல்பக்கம் 45க்கு 30 சென்டிமீட்டர் ஜன்னல் வெட்டி, வெட்டிய துண்டையே கீல் போட்டுக் கதவாக்கினேன். முட்டை எடுக்கவும் நாம் எட்டிப் பார்க்கவும் அது. முன்முகத்தில் மண் மட்டத்துக்குச் சற்று மேலே 8 அங்குல பிவிசி குழாய் நுழைகிற ஓட்டை, குழாய் நீளம் 60 சென்டிமீட்டர். சினையாக இருக்கும் பெண்ணுக்கு 6 அங்குலக் குழாய் பற்றாது, உள்ளே திரும்பவும் முடியாது. பிவிசி வழுவழுப்பில் நகம் வழுக்கியது. தேங்காய் நார் மிதியடி ஒன்றை வெட்டிக் குழாயின் அடியில் ஒட்டியதும் ஏறிவிட்டது. வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் வயிற்றுத் தோல் கிழியும்.

மண் கலவை: ஆற்று மணல் 5 பங்கு, சலித்த செம்மண் 4 பங்கு, தென்னை நார்க்கழிவு 3 பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்தேன், அதில் உப்பு இருக்கும். நர்சரியில் கலந்து விற்கிற தொட்டி மண் வேண்டாம், வேப்பம் புண்ணாக்கும் உரமும் போட்டிருப்பார்கள். எம்-சாண்ட் துகள்கள் கூரானவை, மூக்கும் விரலும் புண்ணாகும். ஈரத்துக்கு ஒரே சோதனை: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. ஆழம் 35 சென்டிமீட்டர். மண்ணுக்கு மேலே ஒரு சாண் காலியாக விட்டேன். நிரப்பிய டிரம்மை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது, ஆகவே இடத்தை முடிவுசெய்த பிறகு நிரப்புங்கள். ஹீட்டர் எதுவும் போடவில்லை. சென்னை மார்ச்சில் மண்ணுக்குள் செருகிய தெர்மாமீட்டர் 28, 29 என்று தானாகவே காட்டியது.

ஒன்று சொல்ல மறந்தேன், எறும்பு. சுள்ளெறும்பு முட்டையையும் விடாது, அசந்து கிடக்கும் தாயையும் விடாது. டிரம்மை நாலு செங்கல் மேல் தூக்கி, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினேன். பழைய சமையலறை அலமாரிகளுக்குச் செய்கிற அதே ஏற்பாடு. குழாயின் வாய் தரையில் படாமல் ஒரு பலகையை ஏணியாகச் சாய்த்து, அதன் காலையும் தண்ணீர்த் தட்டில் வைத்தேன்.

பச்சையம்மா முதலில் குழாய் வாயில் தலையை விட்டு நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, போய்விட்டது. அடுத்த நாள் உள்ளே போய்ச் சோதனைக் குழி ஒன்று தோண்டி அப்படியே விட்டுவிட்டு வந்தது. இந்தக் கட்டத்தில் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்க கை துறுதுறுக்கும். வெளிச்சம் விழுந்தால் தோண்டல் நிற்கும். அம்மா ஒரு போர்வையை டிரம் மேல் போட்டு, "பிரசவ அறைய எட்டிப் பாக்குறியேடா" என்று திட்டிவிட்டுப் போனாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

முட்டையிட்ட அன்று காலை குழாய் வழியாக மண் பீறிட்டு வந்துகொண்டே இருந்தது. பின்னங்காலால் உதைத்து உதைத்து வெளியே தள்ளுகிறது. மதியத்துக்குள் சத்தம் நின்றது. சாயங்காலம் வேறுமாதிரி சத்தம்: இப்போது மண்ணை உள்ளே இழுத்து, மூக்கால் குத்திக் குத்தி இறுக்குகிறது. மூடி முடிக்கும்வரை தொந்தரவு செய்யக்கூடாது. அந்த வேலையைச் செய்து முடித்தால்தான் அதற்கு முட்டையிட்ட காரியம் முடியும், பாதியில் எடுத்துவிட்டால் நாட்கணக்கில் கூண்டுச் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். வெளியே வந்தபோது மூக்கு முழுக்கச் செம்மண், விலாத்தோல் மடிந்து தொங்கியது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எடை 1.41 கிலோ. உடம்பில் கால் பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் விட்டதும் தலையை அமுக்கி நெடுநேரம் குடித்தது. மறுநாளே முருங்கைக்கீரையில் வாய் வைத்துவிட்டது.

முட்டை எடுப்பது நிதானமான வேலை. ஸ்பூனும் பெயிண்ட் பிரஷும் போதும். முட்டை தெரிந்ததும், அசைக்காமல், மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பேனா மை வேண்டாம். அந்தப் புள்ளி கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். கோழி முட்டையைப் புரட்ட வேண்டும், இதைப் புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கிற கரு செத்துப்போகும். 34இல் 5 மஞ்சளாகச் சுருங்கிக் கல் மாதிரி இருந்தன, ஒதுக்கிவிட்டேன். மற்ற 29 வெள்ளை, தோல் மாதிரி இளகிய ஓடு, ஒவ்வொன்றும் 13 கிராம் அளவு.

முட்டையைப் பொரிக்கவைக்கிற இன்குபேட்டர் பெட்டியை முட்டை வருவதற்கு ஒரு மாதம் முன்பே கட்டி ஓட்டிப் பார்த்திருந்தேன். அங்கேதான் சென்னைக்கே உரிய சிக்கல் வந்தது. காசிமேட்டில் மீன் வருகிற தடித்த தெர்மாகோல் பெட்டி, அடியில் 12 சென்டிமீட்டர் தண்ணீர், அதில் கொளத்தூரில் வாங்கிய 100 வாட் மீன்தொட்டி ஹீட்டர், தண்ணீருக்கு மேலே செங்கல் வைத்துக் கம்பி வலைத் தட்டு. ரிச்சி தெருவில் வாங்கிய தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில். ஹீட்டரின் சொந்தக் கட்டுப்பாட்டையும் 32இல் வைத்தேன். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று நிறுத்தும். வேண்டியது 30, 31 டிகிரி. இதையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டினால், பிற்பகலில் ஹீட்டர் எரியாமலேயே 33 காட்டியது. இது பிப்ரவரி கணக்கு, ஏப்ரலில் என்ன ஆகும்?

இன்குபேட்டர் செய்முறை எல்லாமே குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியது. எப்படிச் சூடேற்றுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும், எப்படி ஆற்றுவது என்று ஒரு வரி இருக்காது. ஐஸ் பாட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை 27க்கு இறங்கியது, எதிர் மூலை 32இல் நின்றது, மூடி முழுக்க நீர்த்துளி. கைவிட்டேன். கடைசியில் ஒரே வழி: படுக்கையறை ஏசியை 27இல் வைத்து, அந்த அறைக்குள் இன்குபேட்டர் தன் பாட்டுக்கு 30.5க்குச் சூடேற்றட்டும். அம்மா, "பல்லிக்கு ஏசி போட்டுட்டு நாம ஹால்ல படுக்கணுமாடா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலாக அவள் பாயையும் அதே அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கரண்ட் போனால் அடியிலிருக்கிற தண்ணீர்தான் காப்பாற்றியது. மூன்று மணி நேர மின்தடையில் அறை 34க்கு ஏறியும் பெட்டிக்குள் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும். இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

முட்டை வைத்தது 2 லிட்டர் சாப்பாட்டு டப்பாக்களில். பெர்லைட் என்கிற வெள்ளைப் பாறைத் துகளையும் தண்ணீரையும் எடைக்கு எடை கலந்து, பாதி புதையும்படி வைத்தேன். மூடியில் ஊசியால் இரண்டு ஓட்டை, வாரம் ஒருமுறை திறந்து விசிறினால் காற்று மாறும். டப்பாவை முட்டையோடு எடைபோட்டு மூடியில் எழுதிவைத்தேன். எடை குறைந்தால் அந்த அளவுக்கு, அதே சூட்டில் இருக்கிற தண்ணீரை ஓரமாக ஊற்ற வேண்டும், முட்டை மேல் படக்கூடாது. தெர்மாகோல் மூடியில் கோக்கிற நீர் டப்பா மேல் சொட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாய்வாகக் கட்டினேன்.

ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டுக்குள் இளஞ்சிவப்பும் நூல் மாதிரி ரத்தக்குழாய்களும் தெரிந்தன. மூன்றில் தெரியவில்லை, அவை பின்னர் மஞ்சளாகிப் பூசணம் பிடித்தன, எடுத்துவிட்டேன். நல்ல முட்டைகள் ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொண்டே போகும். முதலையிலும் ஆமையிலும் சூட்டைப் பொறுத்து ஆண் பெண் மாறும் என்பதால் பலர் இதிலும் கேட்கிறார்கள். இகுவானாவில் அது கிடையாது, குரோமோசோம் கணக்குதான்.

பத்து வாரம் தாண்டியதும் உப்பியிருந்த முட்டைகள் லேசாகக் குழிய ஆரம்பித்தன. தண்ணீர் குறைந்துவிட்டதோ என்று டப்பாவை எடைபோட்டேன், குறையவில்லை. பொரிக்கப்போகிற அறிகுறி அது. முதல் குஞ்சு ஓட்டைக் கீறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மறுநாள் காலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கருவின் மிச்சத்தை உள்ளிழுத்துக்கொள்கிற நேரம், இழுத்து வெளியே எடுக்கக்கூடாது. மூன்று நாளில் 24 வந்தன. இரண்டு முழு வளர்ச்சியடைந்தும் ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன, இரண்டும் ஹீட்டருக்கு நேர் மேலே இருந்த டப்பாவில். காரணம் சூடு என்றே நினைக்கிறேன். சென்சார் பெட்டியின் நடுவில்தான் இருந்தது.

குஞ்சு ஒன்று 12 கிராம் அளவு, வாலோடு ஒரு ஜாண், கொய்யாத் தளிர்ப் பச்சை. ஈரமான டிஷ்யூ விரித்த பெட்டியில் தொப்புள் காயும்வரை வைத்து, பிறகு கிளைகள் வைத்த கூண்டுக்கு மாற்றினேன். பொடியாக நறுக்கிய செம்பருத்திப் பூவைத்தான் முதலில் தொட்டன. கூடவே தாயின் சாணத்தில் கொஞ்சம் தட்டில் வைத்தேன். முகம் சுளிக்க வேண்டாம். இலையைச் செரிக்கிற நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் பெரியவற்றின் கழிவைத் தின்றுதான் பெறுகின்றன என்று பனாமாவில் கேத்தரின் ட்ராயர் என்ற ஆய்வாளர் 1980களில் கண்டறிந்தார். முன்கூட்டியே சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, புழு முட்டை இல்லை என்று தெரிந்த பிறகே வைத்தேன்.

செலவு: டிரம், குழாய், கீல் 1,800. மண், மணல், நார்க்கழிவு 600. இன்குபேட்டர் மொத்தமும் பெர்லைட் உட்பட 1,700. யூவிபி குழல் 2,400. டாக்டரும் பரிசோதனைகளும் 2,500. ஏசி புண்ணியத்தில் இரண்டு மாத மின்கட்டணம் வழக்கத்தைவிட 3,600 கூட வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு அதுதான், யாரும் அதைக் கணக்கில் சொல்வதில்லை.

அடுத்த தடவைக்கு சென்சாரை இரண்டாக்குவேன், ஒன்று ஹீட்டருக்கு மேலே. தண்ணீரைச் சுற்றவிட மீன்தொட்டி மோட்டார் ஒன்று, அதற்கு 150 ரூபாய். டிரம்மின் ஜன்னலை இன்னும் பெரிதாக வெட்டுவேன், மூலையில் இருந்த முட்டைகளை எடுக்க முழங்கை சிராய்த்துக்கொண்டது.

ஆனால் அடுத்த தடவை பொரிக்க வைப்பதாக இல்லை. ஒவ்வொன்றும் ஐந்தடி வளரும், 15 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. 24க்கும் இடம் தேடுவது முட்டை பொரிக்க வைப்பதைவிடக் கஷ்டம். 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இகுவானா வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பிறந்தாலும் கைமாறினாலும் அங்கே தெரிவிக்க வேண்டும். வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் பதிவு என்றதும் திரும்பிப் போனார்கள். போகட்டும், அந்த வீடுகளுக்குப் போகாததே நல்லது. ஆறு குஞ்சுகளை முனியனைக் கொடுத்த நண்பர் எடுத்துக்கொண்டார், இரவல் கொடுத்தபோதே பேசியது அது. மற்றவற்றில் ஒன்பது இன்னும் என்னிடம்தான்.

பச்சையம்மா வருகிற பிப்ரவரியிலும் முட்டை சுமக்கும், முனியன் வந்தாலும் வராவிட்டாலும். ஆபரேஷன் செய்து சினைப்பையை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் டிரம் பால்கனியிலேயே இருக்கும். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு உள்ளே கழுவிக் காயவைத்தாயிற்று, ஜனவரியில் புது மணல் சொல்ல வேண்டும்.